களையும் காப்பும்: ஒரு குறளுவமையின் ஆராய்வு

உவமைக்கு அழகு பொருளைத் தெளிவித்தல். தெளிவிக்க வந்த உவமையே தெளிவின்றிக் கிடக்குமாயின் பொருளும் உடன் மங்கும். திருக்குறளை ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம், குறளின் கருத்தை விளக்குவதிற் செலவிடும் உழைப்பிற் காற்பங்கேனும் அதன் உவமையை விளக்குவதிற் செலவிடுகிறோமா என்பது ஐயமே. 'மலர் போன்றது', 'நெருப்பை ஒத்தது' என்று சொல்லிவிட்டு மேற்செல்கிறோம். மலரும் நெருப்பும் எல்லாரும் அறிந்தவை. அவற்றால் இடர் இல்லை. ஆனால் உழவுத் தொழிலிலிருந்து எடுத்த உவமைகளை இவ்வாறு கடந்து செல்லல் ஆகாது. ஏனெனில் அத்தொழில் நம் மாணவர் கண்ணினின்று மறைந்துவிட்டது.

செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளை (550) ஈண்டு எடுத்துக்கொள்வோம். கொடியவர்களைக் கொலையால் ஒறுத்து வேந்தன் குடிகளைக் காப்பது, உழவன் களையைக் களைந்து பசும்பயிரைக் காப்பதனோடு ஒக்கும் என்பது அதன் கருத்து. இதற்கு வகுப்பறையில் நாம் வழக்கமாகத் தரும் விளக்கம் ஒன்று உண்டு. 'களை பயிருக்கு உரிய நீரையும் எருவையும் உண்டுவிடும். தீயவரும் நல்லவர்க்கு உரியதைப் பறித்துக்கொள்வர். ஆதலின் இருவரையும் களைய வேண்டும்.' இவ்விளக்கம் தவறன்று. ஆயினும் அரை விளக்கமே. களை என்பது யாது, அது செய்யும் கேடு யாது, எல்லாக் களையும் எக்காலத்தும் கேடு செய்யுமா என்னும் வினாக்களை அது தொடவில்லை.

இஃது உரை நுணுக்கம் பற்றிய சிறு வினா என்று ஒதுக்குவதற்கில்லை. 'களையெடுப்பு' என்னும் சொல் இன்று மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் மனிதர்மீது எளிதாக ஏவப்படுகிறது. தமக்கு வேண்டாதாரை நீக்குவோர் யாவரும் இவ்வுவமையைத் துணைக்கு அழைக்கின்றனர். ஆதலின் உவமையின் எல்லை எது என்று அறிந்து கற்பிப்பது ஆசிரியர் கடன்.

இலக்கியம் காட்டும் மூன்று களைகள்

முதலில் சொல்லை நோக்குவோம். 'களைதல்' என்னும் வினையின் அடியாகப் பிறந்ததே 'களை' என்னும் பெயர். களையப்படுவது களை. அஃது ஒரு செடியின் இனத்தைக் குறித்த பெயரன்று. அச்செடிக்கு உழவன் செய்வதைக் குறித்த பெயர். எனவே பிறப்பாற் களை என்று ஒரு செடியும் இல்லை. வரகும் குதிரைவாலியும் புன்செயிற் கூலங்கள். அவ்வரகின் காட்டினமும் குதிரைவாலியின் நெருங்கிய உறவாகிய புல்லும் நெல்வயலிற் களைகள். முல்லை நிலத்தில் விருந்தாக உண்ணப்படுவதன் உறவினம் மருத நிலத்திற் பறித்து எறியப்படுகிறது. இடம் மாறினால் பெயரும் மாறும்.

இனி இலக்கியத்தை நோக்குவோம். குறுந்தொகை 309-ஆம் பாட்டில் உழவர் நெய்தலைக் களையாகப் பறித்து வரப்பிலே எறிகின்றனர். அந்நெய்தலோ, தன்னைப் பறித்தவர் கொடியர் என்று வேறு நிலம் தேடிப் போகாமல், மீண்டும் அவ்வயலிலேயே பூக்கின்றது. தலைவன் கைவிட்டும் அவனை விட்டுப் பெயராத தலைவிக்கு அது உவமையாகிறது. இங்குக் களை பொறுமையின் வடிவம். புலவரின் பரிவு முழுதும் களையின் பக்கமே நிற்கிறது.

கம்பர் நாட்டுப் படலத்தில் வேறொரு களையைக் காட்டுகிறார். கோசல நாட்டு வயல்களில் உழத்தியரின் கண், கை, கால், முகம், வாய் ஆகியவற்றை ஒத்த மலர்களைத் தவிர வேறு களையே இல்லை. ஆதலால் மள்ளர் களையெடுக்க மனமின்றி உலாவி நிற்கின்றனர். இங்குக் களை அழகின் வடிவம். நாட்டு வளத்தை உயர்வு நவிற்சியாற் பாட எழுந்த கற்பனை அது.

வள்ளுவர் காட்டும் களையோ கொடுமையின் வடிவம். இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். முன்னைய இருவர் பாடியவை பூக்கும் களைகள். வள்ளுவர் தம் களையின் பெயரைச் சொல்லவில்லை. உழவன் நாள்தோறும் போராடிய களைகளுட் பெரும்பகுதி புல்லும் கோரையுமே. அவற்றுக்கு நம் செய்யுளில் மலர்களுக்குக் கிடைத்த இடம் கிடைத்ததில்லை. குறளைக் கற்ற மாணவி ஒருத்தி, 'ஐயா, வள்ளுவர் சொல்லும் களை எந்தச் செடி?' என்று கேட்டால், எத்தனை உரைகளில் அதற்கு விடை கிடைக்கும்?

பூச்சி எங்கிருந்து வந்தது?

களையைப் பற்றிய இக்குறை பூச்சியைப் பற்றியும் உண்டு. 'நாடு' அதிகாரத்தின் இரண்டாம் குறளுக்கு (732) உரை வரைந்த பரிமேலழகர், நாட்டுக்கு வரும் கேடுகளாக மிக்க மழை, மழையின்மை, எலி, விட்டில், கிளி, அரசண்மை என்னும் ஆறனை எண்ணுகிறார். இவற்றுள் பூச்சி என்று சொல்லத்தக்கது விட்டில் ஒன்றே. அதுவும் கூட்டமாக வெளியிலிருந்து பறந்து வந்து விழும் பகை. குறிஞ்சிப் பாட்டுகளில் தினைப்புனத்தைக் காக்கும் மகளிர் ஓட்டுவதும் கிளியையே. 'உழவு' அதிகாரத்தில் வரும் 'காப்பு' என்னும் சொல்லுக்கும் ஆடுமாடு முதலியவற்றால் பயிர் அழியாமற் காத்தல் என்றே உரை செல்கிறது. பகை எப்போதும் வேலிக்கு அப்பாலிருந்து வருகிறது என்பது இவற்றின் பொதுக் கருத்து.

ஆயின் உழவர் வழக்கு இதனினும் நுட்பமானது. ஆனைக்கொம்பன், புகையான், கதிர்நாவாய்ப்பூச்சி, குருத்துப்பூச்சி என்று அவர் இட்ட பெயர்களை நோக்குக. நெற்குருத்து விரியாமல் வெளிறிய குழலாகி யானைக் கொம்புபோல் நீள்வதைக் கண்டவர் அதற்குக் காரணமான ஈயை ஆனைக்கொம்பன் என்றனர். பயிர் புகைபட்டதுபோற் கருகுவதைக் கண்டவர் தத்துப்பூச்சியைப் புகையான் என்றனர். ஏட்டில் ஏறாத இவ்வறிவு நாவில் நின்றது. நம் இலக்கியத் திறனாய்வு இப்பெயர்களையும் தமிழ்ச் செல்வமாக எண்ணுதல் வேண்டும்.

புல்லும் நெல்லும் உறவு

பூச்சி வேலிக்கு அப்பாலிருந்து மட்டும் வருவதில்லை, வரப்பிலேயே குடியிருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளத் தொல்காப்பியம் நமக்கு ஒரு வழி காட்டுகிறது. புறத்தே வயிரம் உடையனவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையனவற்றை மரம் என்றும் மரபியல் வகுக்கிறது. இவ்வகுப்பின்படி மூங்கிலும் தென்னையும் பனையும் புல்லினத்தைச் சேரும். அங்ஙனமாயின் நம் தோட்டத்து எண்ணெய்ப்பனையும் புல்லே. இன்றைய செடிநூல் பனையைத் தனிக் குடும்பமாகப் பிரிக்கும். ஆனால் நெல், கரும்பு, சோளம், கேழ்வரகு, மூங்கில், அறுகு, லாலான் ஆகிய அனைத்தையும் ஒரே புற்குடும்பத்தில் அடக்கும். பயிர் என்று நாம் போற்றுவதும் களை என்று தூற்றுவதும் ஒரு குடிப்பிறந்தவை.

இவ்வுறவே பூச்சிக்கு வாய்ப்பாகிறது. நெல்லின் சாற்றை உண்டு பழகிய வாய்க்கு, நெல் இல்லாத காலத்தில் அதன் உறவினமாகிய புல்லின் சாறும் ஏற்கிறது. இத்தகைய புல்லை மாற்றுணவுச் செடி என்றும் மாற்று ஓம்புயிரி என்றும் அறிவியலார் கூறுவர். அறுவடை முடிந்து வயல் வெறிதாகும்போது பூச்சி மடிந்துவிடுவதில்லை. வரப்பிலும் வாய்க்காற் கரையிலும் உள்ள புல்லில் ஒதுங்கி, அங்கேயே முட்டையிட்டுப் பெருகி, அடுத்த பயிர் பருவம் அடைந்ததும் வயலுக்குள் நுழைகிறது.

கதிர்நாவாய்ப்பூச்சி இதற்குத் தக்க சான்று. மலாய் உழவர் இதனைப் 'பியாங்காங்' என்பர். பசுமை கலந்த மெல்லுடலும் நீண்ட கால்களும் உடையது, தொட்டால் நாறும். பால் பிடிக்கும் பருவத்து நெல்மணியிற் கூர்வாயைச் செருகிப் பாலை உறிஞ்சிவிடும். மணி பதராகும், அன்றேல் கறைபடும். நெல் பால் பிடிப்பது ஆண்டிற் சில வாரங்களே. எஞ்சிய நாளெல்லாம் அது எங்கே உயிர்வாழ்கிறது? குதிரைவாலியினப் புல், வரகினப் புல் முதலியவற்றின் பால்மணிகளில் வாழ்கிறது. அவ்வாறே இளஞ்சிவப்புத் தண்டுத்துளைப்பான் நெல்லையும் கேழ்வரகையும் சோளத்தையும் கரும்பையும் துளைக்கும். அவை இல்லாதபோது காட்டுப்புற்களின் தண்டுகளைத் துளைத்துக் காத்திருக்கும். 2018-இல் இந்தியாவிலும் 2019-இல் மலேசியாவிலும் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளத்துக்குப் பெரும்பகை. அதற்கு உணவாகும் செடிவகைகளை 350-க்கு மேலாக எண்ணியுள்ளனர். அவற்றுட் புல்லினமே மிகுதி.

இவ்வளவும் அறிந்தபின் குறளுவமை முன்னினும் ஆழமாகிறது அன்றோ? களை பயிரின் உணவைப் பறிப்பதோடு நிற்பதில்லை. பயிரின் பகைவனுக்கு உறையுளும் உணவும் தந்து, காலம் வரும்வரை ஓம்புகிறது. கொடியவரும் தாமே செய்யும் தீமையாற் கெடுப்பதோடு, பிற தீமைகளுக்குப் புகலிடமாகவும் இருப்பர். இவ்விரண்டாம் கேட்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் உவமை நிறைவு பெறும்.

எல்லாப் புல்லும் குற்றவாளி அன்று

இவ்வளவில் நின்றால் 'எல்லாவற்றையும் வெட்டி எறி' என்னும் முடிவுக்கே மாணவர் வருவர். அறிவியல் அதற்கு இடம் தரவில்லை. நெல்லின் பெரும் பகைகளுள் ஒன்றாகிய மஞ்சள் தண்டுத்துளைப்பான் பெரும்பாலும் நெல்லினத்தையே நாடுவது. வரப்புப் புல்லை வெட்டுவதால் அதற்கு நேரும் இழப்பு சிறிதே. புகையானும் அத்தகையதே. பிலிப்பைன்சில் ஒரு புல்லில் வாழும் புகையானைக் கண்டு, அப்புல்லே நெல்லுக்குப் பகையை வளர்க்கிறது என்று ஐயுற்றனர். ஆராய்ந்து பார்த்தபோது, புல்லில் வாழ்பவை நெல்லில் நன்கு வாழமாட்டாத தனிக்கூட்டம் என்பது புலப்பட்டது. தோற்றத்தால் ஒன்று, வாழ்க்கையால் வேறு. தோற்றத்தை மட்டும் கண்டு தீர்ப்பளித்திருந்தால் அப்புல் வீணே தண்டனை பெற்றிருக்கும்.

புகையான் பெருகியதற்குக் காரணமாக இருந்தது புல் அன்று. கண்மூடித் தெளித்த மருந்து. மருந்து பூச்சியைக் கொன்றதைவிட, அப்பூச்சியை உண்ணும் சிலந்தியையும் வண்டையும் மிகுதியாகக் கொன்றது. இதை உணர்ந்த இந்தோனேசிய அரசு 1986-இல் நெல்லுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்துகளுள் 57-ஐத் தடைசெய்தது. காவலரையும் கள்வரையும் ஒருங்கே ஒறுத்த ஆட்சியின் கதை அது.

இதற்கு மறுதலையான இடரும் உண்டு. நம் நாட்டில் 'பாடி ஆஙின்' என்னும் களைநெல் 1988-இல் தஞ்சோங் காராங் வட்டாரத்திற் கவனத்துக்கு வந்தது. காற்று அசைத்தாலே மணி உதிர்வதால் காற்றுநெல் எனப் பெயர் பெற்றது. அதுவும் நெல்லே, ஆதலால் நெல்லை உண்ணும் பூச்சிக்கெல்லாம் அது தடையின்றி விருந்தாகும். இளமையில் அதைப் பயிரினின்று பிரித்தறிதல் உழவனுக்கும் அரிது. கயமை அதிகாரத்தின் முதற்குறள், கயவர் உருவால் மக்களையே ஒத்திருப்பர் என்று வியந்து கூறுவதை இங்கு நினைவுகூர்க. வேற்றுருவில் நிற்கும் புல்லுள் நல்லது இருத்தலும், பயிருருவில் நிற்பதனுள் தீயது இருத்தலும் ஆகிய இரண்டும் வயலில் உண்டு.

பகையைப் பிடிக்கும் புல்

புல் குற்றமற்றதாய் இருத்தல் மட்டுமன்று. சிலவிடத்துக் காவலாகவும் நிற்கிறது. மேலை ஆப்பிரிக்காவில் நெல்லைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈயும், காட்டு வரகைத் தாக்கும் மற்றோர் ஈயும் உறவினங்கள். ஆனால் வரகு ஈ நெல்லைத் தொடாது. அவ்விரண்டு ஈக்களையும் அழிக்கும் நுண்குளவிகளோ பொதுவானவை. நெல் இல்லாத காலத்தில் இக்குளவிகள் வரகு ஈயை அண்டி உயிர்வாழ்ந்து, பின்னர் நெல்வயலுக்கு வருகின்றன. அங்கே வரகுப்புல்லை வேரோடு அழிப்பவன் தன் காவற்படையையே பட்டினியிடுகிறான்.

கென்யாவில் 1990-களில் வகுக்கப்பட்ட முறை இன்னும் வியப்பானது. மக்காச்சோள வயலைச் சுற்றி நேப்பியர் புல்லை நட்டனர்; நம் நாட்டிற் கால்நடைக்குத் தீவனமாக வளர்க்கும் யானைப்புல்லே அது. தண்டுத்துளைப்பானின் தாய்ப்பூச்சி சோளத்தை விட்டு இப்புல்லை நாடி முட்டையிடும். பொரித்து வெளிவந்த புழு தண்டைத் துளைத்தால் புல்லினின்று பசைபோன்ற சாறு கசிந்து புழுவைப் பிடித்துக்கொள்ளும், பிழைப்பவை சிலவே. சோள வரிசைகளுக்கு இடையே நட்ட ஒருவகை அவரையினச் செடி பூச்சியை வயலினின்று விலக்கும். உள்ளிருந்து தள்ளுவதும் வெளியிலிருந்து இழுப்பதுமாகிய முறை இது. சீனத்தில் இவ்வேலைக்கு வெட்டிவேர்ப் புல்லை நெல்வயல் ஓரங்களில் நடுகின்றனர். அதில் முட்டையிடத் தாய்ப்பூச்சி விரும்பும். அதை உண்ட புழுவோ முதிர்ச்சி அடையாமல் மடியும். ஐரோப்பியர் அப்புல்லுக்கு வழங்கும் பெயரும் நம் 'வெட்டிவேர்' என்னும் சொல்லினின்று சென்றதே. பெயரை நாம் தந்தோம்; பயனைப் பிறர் கண்டனர்.

இவை தொலைநாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டா. நியாலாஸ் வட்டாரத்து மாணவர்க்கு எண்ணெய்ப்பனைத் தோட்டம் புதிதன்று. தோட்டச் சாலை ஓரங்களில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கும் சிறு செடிகளை வரிசையாக நட்டிருப்பது அழகுக்காக அன்று. பனையோலையைத் தின்னும் கூட்டுப்புழுவை அழிக்கும் குளவிக்கும் பிற பூச்சிக்கும் தேன் தரவே அவை நடப்படுகின்றன. அறியாதவன் அவற்றையும் களை என்று வெட்டுவான்.

இன்னொரு பாடமும் தோட்டத்திலேயே உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு புல்லும் நில்லாதபடி நிலத்தைத் துடைத்து வைப்பதே சிறந்த பராமரிப்பு என்று துரைமார் கருதினர். நம் முன்னோர் அவ்வாறே வெட்டித் துடைத்தனர். மழை வந்தது, மேல்மண் கரைந்து ஆற்றோடு சென்றது. அதன்பின்னரே மண்ணை மூடும் கொடிகளை வளர்க்கத் தொடங்கினர். பிற்காலத்தில் மண்வெட்டியின் இடத்தை மருந்துப் பம்பு பிடித்தது. அதை முதுகிற் சுமந்தோருள் தமிழ்ப் பெண்கள் பலர். அவர்கள் தெளித்த பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 முதல் இந்நாட்டில் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. கம்பர் நாட்டில் மள்ளர் களையெடாமல் உலாவினர். நம் தாய்மாரோ களையெடுத்தே உடல் நொந்தனர். களையெடுப்பின் விலையைக் களையெடுத்தவரே கொடுத்தனர் என்பதையும் உவமையை விளக்குவோர் மறத்தலாகாது.

குறளுக்கு மீள்வோம்

இனி ஒரு தடையை எழுப்பலாம். 'இச்செய்திகளை எல்லாம் வள்ளுவர் அறிந்திருந்தார் என்கிறீர்களா?' என்பர் சிலர். இல்லை என்பதே விடை. இக்கால ஆராய்ச்சி கண்ட எதனையும் அன்றே நம் முன்னோர் சொல்லிவிட்டனர் என்று கூறும் பழக்கம் வள்ளுவர்க்கும் பெருமை தராது; அறிவியலுக்கும் நேர்மை செய்யாது. நாம் சொல்வது வேறு. வள்ளுவர் உழவைக் கூர்ந்து கண்டவர். அவர் எடுத்த உவமை உழவைப் பற்றிய புது அறிவு வளருந்தோறும் உடைந்து போகாமல் மேலும் விரிகிறது. உவமையின் வலிமைக்கு அதுவே சான்று.

அவ்வலிமையும் அக்குறளைத் தனியே பிரித்து நோக்கினால் விளங்காது. செங்கோன்மை அதிகாரம் களையெடுப்பில் முடிகிறது; ஆனால் ஆராய்ச்சியில் தொடங்குகிறது. அதன் முதற்குறள் (541), குற்றத்தை ஆராய்ந்து, எவரிடத்தும் ஒருபாற் சாயாது நடுநின்று, தெளிந்து செய்வதே முறை என்கிறது. எந்தப் புல் எந்தப் பூச்சியை ஓம்புகிறது என்று ஆராயாத உழவன் நல்ல புல்லைப் பறித்துத் தீய நெல்லை விடுவான். ஆராயாத அரசனும் அவ்வாறே செய்வான். முதற்குறள் இல்லாமற் பத்தாம் குறளை மட்டும் எடுத்தாள்வோர் கையில் அது கொடுங்கோலாகும்.

காலமும் அறிய வேண்டும். ஜப்பானில் வரப்புப் புல்லைக் கதிர் வருமுன்னரே அறுத்து முடிக்குமாறு உழவர்க்கு அறிவுறுத்துகின்றனர். கதிர் வந்தபின் அறுத்தால், புல்லில் இருந்த நாவாய்ப்பூச்சியினங்கள் ஒதுங்க இடமின்றி நெற்கதிருக்கே வந்துவிடும். அதே அரிவாள், அதே புல். காலம் தவறினால் காப்பே கேடாகிறது. காலமறிதலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்திருப்பதை இங்கு இணைத்து நோக்குக.

இறுதியாக, உழவு அதிகாரத்தின் எட்டாம் குறள் (1038). உழுதலினும் எருவிடுதல் நன்று. களையெடுத்தபின் நீர் பாய்ச்சுதலினும் காத்தல் நன்று என்பது அதன் கருத்து. களையெடுப்பு அங்கே முடிவாக வரவில்லை, இடையில் வருகிறது. அதன்பின்னும் காப்பு என்று ஒன்று எஞ்சி நிற்கிறது. அதுவே மேலானதாகச் சொல்லப்படுகிறது. காப்பு என்பதை ஆடுமாட்டை ஓட்டுதல் என்ற அளவிற் சுருக்காமல், வரப்பில் நிற்பவற்றுள் எது பகை, எது துணை என்று அறிந்து பேணுதல் என்று விரித்துப் பொருள்கொண்டால் அக்குறளுக்கும் புது ஒளி பிறக்கும்.

எனவே ஆசிரியர் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 550-ஆம் குறளைக் கற்பிக்கும் நாளில் 541-ஐயும் 1038-ஐயும் உடன் கற்பியுங்கள். களை என்னும் சொல்லின் பிறப்பைச் சொல்லுங்கள். இயலுமாயின் மாணவரைப் பள்ளி வேலியோரத்திற்கோ வாய்க்காற் கரைக்கோ அழைத்துச் சென்று, ஒரு முழம் நிலத்தில் எத்தனை வகைப் புல் நிற்கின்றன, அவற்றில் எத்தனை வகைப் பூச்சி வாழ்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிக்குமுன் எதனையும் பிடுங்கலாகாது என்னும் ஒரு விதியை மட்டும் வையுங்கள்.